மகள் டிரஸ்ஸாஜ் என்கிறாள், என்ன செய்வது?

காலேஜில் சேர மாட்டேன், டிரஸ்ஸாஜ்தான், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் குதிரையேற்றப் போட்டிதான் என்று உங்கள் மகள் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் ஒருவர் 71 வயதில் ஒலிம்பிக் போனாரே என்று அவள் வாதாடுகிறாளாம். அவர் பெயர் ஹிரோஷி ஹோகெட்சு. அவர் கதையை முழுதாகச் சொன்னால் உங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், 23 வயதில், தடை தாண்டும் போட்டியில் அவருக்கு 40-ஆவது இடம். மறுபடி ஒலிம்பிக் களத்தில் இறங்கியது 2008-ல், பெய்ஜிங்கில், டிரஸ்ஸாஜில். இடையில் 44 வருடம்! உங்கள் மகள் கவனிக்க வேண்டியது அந்த வருடங்களைத்தான். கெயோ பல்கலைக்கழகப் பட்டம், அமெரிக்காவின் டியூக்கில் பொருளாதார முதுகலை, அப்புறம் மருத்துவப் பொருள் நிறுவனத்தில் உயர் பதவி வரை வேலை. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து குதிரைப் பயிற்சி, அது முடிந்து ஆபீஸ். ஓய்வு பெற்ற பிறகுதான் ஜெர்மனியின் ஆஹென் நகரில் தங்கி முழுநேரமாகப் பயிற்சி எடுத்தார். மனைவி ஜப்பானிலேயே இருந்தார். 71 வயது சாதனையைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

உழைப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. 1988 சியோலுக்குத் தகுதி பெற்றும், குதிரையின் குவாரண்டைன் சிக்கலால் போக முடியவில்லை. அந்த 71 வயது ஒலிம்பிக்கான 2012 லண்டனில் அவரைச் சுமந்த விஸ்பர் என்ற பெண் குதிரைக்கு அப்போது 15 வயது. டிரஸ்ஸாஜின் உச்ச நிலையான கிராண்ட் பிரி தரத்துக்கு ஒரு குதிரையைப் பழக்கவே பல வருடம் ஆகும். அது நொண்டினால் அந்த சீசன் போச்சு. தீனி, லாயம், லாடம், டாக்டர் செலவோ போட்டி இல்லாத மாதத்திலும் நிற்காது. அவரிடம் நல்ல சம்பளம் இருந்தது. பதக்கம் எந்த ஒலிம்பிக்கிலும் கிடைக்கவில்லை.

அதற்காக ஆசையை வெட்டிவிடாதீர்கள். இந்த விளையாட்டில் ஆண், பெண் என்று தனிப் பிரிவு கிடையாது. ஒரே களத்தில் எல்லோரும் போட்டியிடுகிறார்கள். குதிரை நின்ற இடத்திலேயே நடைபோடுவதுபோல் கால் மாற்றும் பியாஃப் அசைவைப் பாருங்கள். சவாரி செய்பவரின் கை அசைவது கண்ணுக்கே தெரியாது. அந்த நுணுக்கம் வர நாளாகும். இருபது வயதுக்குள் சாதித்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஜிம்னாஸ்டிக்ஸ்போல இதில் இல்லை. அதனால் மூன்று வருடம் டிகிரி படித்தால் குடி முழுகிவிடாது.

இப்போதைக்கு நல்ல ரைடிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள், டிகிரியும் நடக்கட்டும். சொந்தக் குதிரைப் பேச்சை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். லாயத்தைக் கூட்டுவது, சாணம் அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் அவளே செய்யட்டும். ஒரு வருடம் கழித்தும் விடியற்காலையில் தானாக எழுந்து கிளம்பினால், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கால்நடை மருத்துவம், பயிற்சியாளர் வேலை, குதிரைப் பண்ணை நிர்வாகம் பற்றியெல்லாம் அப்போது பேசுவோம்.