குஞ்சு பொரிக்காவிட்டால் குறை முட்டையிலா, இன்குபேட்டரிலா?

கேள்வி: ஆன்லைனில் 48 முட்டை பிடிக்கும் ஆட்டோமேட்டிக் இன்குபேட்டர் வாங்கினேன். தருமபுரியில் உறவினர் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த 24 நாட்டுக்கோழி முட்டைகளை அன்று இரவே வைத்தேன். டிஸ்ப்ளே எப்போது பார்த்தாலும் 37.7 டிகிரிதான் காட்டியது. 19-ஆம் நாள் மாலையே ஓட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டன. வெளியே வந்தவை 5 குஞ்சுகள். அதில் இரண்டுக்குத் தொப்புள் மூடவில்லை. மீதியை உடைத்துப் பார்த்தேன். 6 கூமுட்டை, 4-இல் ரத்த வளையம், 9-இல் முழுதாக வளர்ந்த குஞ்சு செத்துக் கிடந்தது. விற்றவர் ‘முட்டை சரியில்லை’ என்கிறார். யார் பொறுப்பு?
— வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: உடைத்துப் பார்த்து எண்ணி வைத்தீர்களே, அதுதான் சரியான வேலை. பாதிப் பதில் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

6 கூமுட்டைக்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது. சேவல் கூடாத முட்டையாக இருக்கலாம், பத்துப் பதினைந்து நாள் சேர்த்து வைத்த முட்டையாகவும் இருக்கலாம். இட்ட ஏழு நாளுக்குள் அடை வைப்பதே நல்லது. ரத்த வளையம் என்பது முதல் சில நாட்களிலேயே கரு செத்ததன் அடையாளம். பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை அசையாமல் வைத்து, அதன் பிறகுதான் மெஷினுக்குள் வைக்க வேண்டும். நீங்கள் அன்று இரவே வைத்துவிட்டீர்கள். எனவே அந்த நாலையும் விற்றவர் தலையில் கட்ட முடியாது.

மீதி 9 முட்டைதான் விஷயம். கோழி முட்டைக்கு 21 நாள். சின்ன முட்டை சில மணி நேரம் முந்தும், அவ்வளவுதான். 19-ஆம் நாளே கொத்தியது, தொப்புள் மூடாதது, வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்தது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதிக சூட்டைத்தான். டிஸ்ப்ளே 37.7 காட்டியது என்கிறீர்கள். அது சென்சார் தொங்கும் இடத்தின் சூடு. முட்டை இருக்கும் இடத்தில் 38.5 இருந்தாலும் டிஸ்ப்ளேவுக்குத் தெரியாது.

சோதிக்க அதிகம் செலவில்லை. வயர் முனையில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெந்நீர் எடுத்து, வீட்டிலுள்ள காய்ச்சல் தெர்மாமீட்டரையும் இதையும் நுனியோடு நுனி சேர்த்துப் பிடியுங்கள். 38 டிகிரி அருகே இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, காலியான சின்ன மருந்துப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை அதற்குள் விட்டு, முட்டை ட்ரேயில் நிறுத்துங்கள். ஹீட்டர் போட்டு அணையும்போதெல்லாம் காற்றின் சூடு ஏறி இறங்கும். பாட்டில் தண்ணீர் முட்டையைப் போலவே நிதானமாகத்தான் மாறும். முட்டை இல்லாமல் 24 மணி நேரம் ஓடவிட்டு, நடுவிலும் நாலு மூலையிலும் பாட்டிலை மாற்றி வைத்துப் பாருங்கள். மாற்றி வைத்த ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாவது பொறுத்துத்தான் படிக்க வேண்டும். விசிறி உள்ள மெஷினில் 37.5 முதல் 37.8 வரை இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால் பிழை மெஷினின் சென்சாரில். பல கன்ட்ரோலர்களில் அதைத் திருத்தும் செட்டிங் உண்டு. மூலைக்கு மூலை ஒரு டிகிரி மாறினால் விசிறியோ பெட்டி அமைப்போதான் கோளாறு. அதை நீங்கள் திருத்த முடியாது, திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

ஈரப்பதத்தையும் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் ஊரே ஈரமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றாமல் விடுபவர்கள் உண்டு. வெளியே 22 டிகிரியில் 80 சதவீதம் இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.5-க்குச் சூடானதும் சுமார் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பிப்ரவரி, மார்ச் பெங்களூருக் காற்று இன்னும் மோசம், 20-க்கும் கீழே போகும். முதல் 18 நாள் 45 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70 தேவை. மீட்டரை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். அடை வைக்கும் முன் முட்டைகளைச் சமையலறைத் தராசில் மொத்தமாக நிறுத்து எழுதிவையுங்கள். 18-ஆம் நாளில் 11 முதல் 13 சதவீதம் எடை குறைந்திருக்க வேண்டும். 24 முட்டை 1,080 கிராம் என்றால் 130 கிராம் அளவுக்குக் குறையும். குறையவே இல்லையென்றால் உள்ளே ஈரம் அதிகம், குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

இனி புகார். குஞ்சு எண்ணிக்கையை வைத்துச் சண்டை போட்டால் விற்றவர் முட்டையைத்தான் காட்டுவார். சூட்டை வைத்துப் பேசுங்கள். டிஸ்ப்ளேவும் உங்கள் தெர்மாமீட்டரும் ஒரே ஃபிரேமில் தெரிய, தேதியுடன் வீடியோ எடுங்கள். ‘98 சதவீதம் பொரிக்கும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கே அழித்துவிடலாம். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லையென்றால், வாங்கி இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகிறது. வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா, பேட்டரி வசதியுள்ள இன்குபேட்டரே வாங்க வேண்டுமா?
— வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: 48 முட்டை மெஷின் 100 வாட் அளவில்தான் இழுக்கும், அதுவும் விட்டுவிட்டு. 150 ஏஎச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் இருந்தால் இரவு முழுக்கத் தாங்கும். கம்ப்யூட்டர் யூபிஎஸ் போதாது. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் மாடல் வாங்குவது நல்லது.

எதுவும் இல்லாத நேரத்தில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். காற்றுத் துளைகளை விட்டுவிட்டு மேலே கம்பளி போடுங்கள். இரண்டு மணி நேரம் குளிர்ந்த கரு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். 40 டிகிரியைத் தாண்டிய சூட்டைத்தான் அது தாங்காது. அதனால் வெயில் படும் ஜன்னலோரம், ஷீட் போட்ட மொட்டை மாடி அறை இரண்டும் வேண்டாம். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ட்ரேயை எடுத்துவிட்டு, அடியில் சொரசொரப்பான ரப்பர் மேட் விரியுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் குஞ்சின் கால் அகன்றுவிடும். கொத்தத் தொடங்கிய பிறகு மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு குஞ்சின் மேல் ஒட்டிக் காய்ந்துவிடும். முதல் குஞ்சு பசியில் கத்துகிறது என்று நினைத்தும் திறக்காதீர்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதும்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பழுப்பு முட்டையை வைத்துப் பார்க்கலாமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். கூண்டுப் பண்ணையில் சேவலே கிடையாது. ஓட்டின் நிறம் கோழி ரகத்தைச் சொல்லுமே தவிர, கரு கூடியதா என்று சொல்லாது. சேவலோடு வளரும் கோழிகளின் முட்டையாகக் கேட்டு வாங்குங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சூட்டில் கிடந்து அழுகி வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.