மானியம் முடியப் போகிறது. பாலர் பள்ளிக்குப் புது வரி கேட்கலாமா?

கேள்வி: எங்கள் உள்ளாட்சியின் பாலர் பள்ளி மூன்றாண்டுத் திட்ட மானியத்தில் ஓடுகிறது. அடுத்த ஆண்டு அது முடிகிறது. பள்ளிக்கென்றே ஒரு தனி வரி போடச் சொல்லி மனு கொடுக்க நினைக்கிறோம். சரியான வழிதானா?

பதில்: வரி கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நான்கு வயதுக் குழந்தைகளின் படிப்புக்காக விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்ட 2012-ல் மக்களே வாக்களித்தார்கள். 2020-ல் மறுபடியும் சம்மதித்தார்கள். பொருள் விற்கும்வரை வரும் பணம் அது. அமெரிக்காவின் இன்னொரு நகரமான பிலடெல்பியா, பாலர் பள்ளிச் செலவுக்கும் சேர்த்து, 2017-ல் இனிப்பு பானங்களுக்கு அவுன்சுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டது. மக்கள் பானத்தைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது, பள்ளிக்கு வரும் பணமோ குறையும். வசூல் எதிர்பார்த்த அளவு வரவில்லை. வரியை எதிர்த்து வழக்கு வேறு வந்து, 2018-ல் தீர்ப்பு வரும்வரை பாலர் பள்ளியில் கூடுதல் குழந்தைகளுக்கு இடம் தராமல் காத்திருந்தார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் கதை. அங்கே பாலர் வகுப்புக்கும் கல்லூரி உதவித்தொகைக்கும் ஒரே லாட்டரிப் பணம்தான். செலவு வருவாயை மிஞ்சியதும், 2011-ல் பாலர் வகுப்பின் 180 நாளை 160 ஆக்கினார்கள். வகுப்புக்கு 20 குழந்தைகள் என்பது 22 ஆனது. 180 நாள் திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

அதனால் பணம் எங்கிருந்து வரும் என்பதோடு, எந்தக் கணக்கில் வரும் என்பதையும் மனுவில் எழுதுங்கள். சேர்ந்த குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, ஆசிரியர் சம்பளம் உயரும்போது அதுவும் தானாக உயர வேண்டும், இது தொடக்கப் பள்ளிக்கான சட்டத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு அடுத்த வருஷம் நடக்குமா என்று யாரும் கேட்பதில்லையே!

தொகையை நீங்களே போட்டுக் காட்டுங்கள். பெரும்பங்கு சம்பளம். அப்புறம் உதவியாளர், உணவு, பயிற்சி, கட்டடப் பழுது. கடைசி இரண்டும்தான் மானியக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போகும். யுனெஸ்கோ மாநாட்டில் ஏற்கப்பட்ட 2022 தாஷ்கண்ட் பிரகடனம் கல்விச் செலவில் 10 சதவீதமாவது முன்பருவக் கல்விக்குப் போக வேண்டும் என்கிறது. அந்த வாசகத்தை மனுவில் சேர்த்துவிடுங்கள்.

மானியம் நின்ற பிறகு போனால் தாமதமாகிவிடும். பட்ஜெட் மதிப்பீடு தயாராகும் மாதத்திலேயே போய் நில்லுங்கள். ஒப்பந்த ஆசிரியர்களின் பணியிடங்களை நிரந்தரமாக்கவும் அப்போதே கேளுங்கள். இடைக்காலத்துக்குக் கட்டணம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதலில் நின்றுபோவது ஏழை வீட்டுக் குழந்தைதான்.