கப்பலில் நூலகம் இருக்கிறது, நூலகர் வேலை இருக்கிறதா?

அன்புள்ள அம்மா,

போன புதன்கிழமை நீங்களும் மகளும் வந்துவிட்டுப் போனீர்கள். அன்று சாயங்காலமே பதில் எழுதியிருக்கலாம். கப்பலில் நூலகர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏஜென்ட் கேட்ட இரண்டரை லட்சத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டோடு எழுத வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

மகள் செல்போனில் காட்டிய வீடியோ இன்னும் கண்ணில் நிற்கிறது. குனார்ட் நிறுவனத்தின் குயின் விக்டோரியா கப்பல். இரண்டு தளம் உயரத்துக்கு நூலகம், நடுவில் சுழல் படிக்கட்டு, பளபளக்கும் மர அலமாரிகள். "இங்கதான் சார் நான் வேலை பார்க்கணும்" என்றாள். எம்.லிப்., அதாவது நூலக அறிவியல் முதுகலை, கடைசி செமஸ்டரில் இருக்கும் பெண்ணுக்கு அதைப் பார்த்து ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "இந்தக் காலத்துல கப்பல்ல யாரு சார் புத்தகம் படிக்கிறாங்க? எல்லார் கையிலயும் போன் இருக்கு. இதுக்குப் போய் இரண்டரை லட்சமா?"

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது, அம்மா. கப்பலுக்கு நூலகம் வேண்டுமா என்பது ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்களா என்பது இன்னொன்று. மகள் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டுவிட்டாள். கோளாறு அங்கேதான்.

முதல் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தக் கப்பல், எந்த வழி, எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். குயின் மேரி 2 என்று ஒரு கப்பல், 2004 முதல் ஓடுகிறது. சௌத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக 7 இரவு. நடுவில் இறங்க ஒரு துறைமுகம்கூட இல்லை. வட அட்லாண்டிக் குளிர்காற்றில் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்காரவும் முடியாது. அந்தக் கப்பலில் 8-ஆவது தளத்தின் முன்பக்கம், கடலைப் பார்த்த ஜன்னல்களோடு ஆயிரக்கணக்கான புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்கிறது. அதை மூடினால் பயணிகள் கேப்டனிடமே சண்டைக்குப் போய்விடுவார்கள். மூன்று நான்கு மாதம் உலகைச் சுற்றும் பயணங்களிலும் அப்படித்தான். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அண்டார்டிகா பக்கம் போகும் சின்னக் கப்பல்களிலோ, காலையில் பார்த்த பறவையின் பெயரைத் தேடி மத்தியானம் நூலக மேஜையில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள்.

இந்தப் பக்கம் மயாமியிலிருந்து புறப்படும் ஐகான் ஆஃப் த சீஸ். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கியது. நிரம்பினால் 7,600 பயணிகள். தண்ணீர்ச் சறுக்குகள், நீச்சல்குளங்கள், ராத்திரி நாடகம், ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு தீவு. குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற அப்பா அம்மாவுக்கு அங்கே நாவல் படிக்க எங்கே நேரம்? அந்த மாதிரிக் கப்பலுக்கு நூலகம் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம் கணக்கு ஒன்று இருக்கிறது. கப்பலில் ஒவ்வொரு சதுர அடியும் சம்பாதிக்க வேண்டும். மதுக்கூடம் சம்பாதிக்கும், சூதாட்டக் கூடம் சம்பாதிக்கும், நூலகம் ஒரு டாலர்கூடத் தராது. கப்பலைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும்போது முதலில் கண் விழுவது அதன் மேல்தான். அலமாரி இருந்த இடத்தில் அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் கவுன்டர் வந்துவிடும். ஹாலந்து அமெரிக்கா என்ற நிறுவனத்தின் கப்பல்களில் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் கஃபே என்று காபியும் நூலகமும் சேர்ந்த அழகான கூடம் இருந்தது. அதற்கென்று நூலகரும் இருந்தார். முதலில் அந்தப் பதவி போனது, பிறகு அலமாரிகளும் சுருங்கின.

போனும் தன் பங்குக்குச் செய்தது. 2007-இல் கிண்டில் என்ற மின்புத்தகக் கருவி வந்தபோதே பெட்டியில் பத்துப் புத்தகம் அடுக்குகிற பழக்கம் குறைய ஆரம்பித்தது. அப்போதெல்லாம் நடுக்கடலில் இன்டர்நெட் என்பது ஆமை வேகம், ஆனை விலை. 2022-இல் ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்களுக்கெல்லாம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் போடுவதாக அறிவித்தபின் அந்தத் தடையும் போயிற்று. நோய்த்தொற்றையும் சொல்ல வேண்டும். கப்பலில் நோரோ வைரஸ் வந்து நாலு பேர் வாந்தி எடுக்க ஆரம்பித்தால், பலர் கைபடும் புத்தகத்தையும் சீட்டுக்கட்டையும் எடுத்துப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வைக்கிங் நிறுவனம் தன் கடற்பயணக் கப்பல்களில் கூடம் கூடமாகப் புத்தகம் வைத்திருக்கிறது. அதில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை, சூதாட்டக் கூடமும் கிடையாது. படிக்கிற பயணிகளைக் குறிவைத்த வியாபாரம். அந்தப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது யார் தெரியுமா? லண்டன் மேஃபேரில் இருக்கும் ஹேவுட் ஹில் என்ற பழைய புத்தகக் கடை. இதை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் வாங்குவது, எதைக் கழிப்பது, யாருக்கு எது பிடிக்கும் என்ற நூலகரின் மூளை வேலை கரையிலேயே நடந்துவிடுகிறது. கப்பலுக்கு வருவது அடுக்கி முடித்த அலமாரி. அதைத் துடைத்து நேராக்க எம்.லிப். தேவையில்லை.

சரி, கப்பலில் அதை யார்தான் பார்த்துக்கொள்கிறார்கள்? பழைய மாணவன் ஒருவன் ஒரு கப்பலில் பொழுதுபோக்குக் குழுவில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது கதை கதையாகச் சொன்னான். காலை 9 மணிக்கு நூலகச் சாவி அவன் கையில். முதல் வேலை சுடோகுவும் வினாத்தாளும் அச்சடித்து வைப்பது. அந்தத் தாள்கள் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுமாம். அதற்குமேல் பிங்கோ, மத்தியானம் நடன வகுப்பு, துறைமுகம் வந்தால் வாசலில் நின்று பயணிகளுக்கு வணக்கம் சொல்வது. அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் விளிம்பு வைத்திருப்பார்களாம், கப்பல் ஆடும்போது புத்தகம் சரியாமல் இருக்க. மூலையில் படத்துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தும் விளையாட்டு ஒன்று, ஆயிரம் துண்டு. ஒரு வயதான அம்மாள் ஆறு நாள் உட்கார்ந்து முடித்தார். வானத்தில் ஒரு துண்டு மட்டும் குறைந்தது. "ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அந்தம்மாவும் கார்ப்பெட்டைத் தடவித் தேடினோம் சார், கிடைக்கவே இல்ல" என்றான். அவன் படித்தது ஹோட்டல் மேனேஜ்மென்ட். நூலகம் அவன் நாளில் ஒரு மணி நேரம்.

பெரும்பாலான கப்பல்களில் நிலைமை இதுதான். இன்னும் சில கப்பல்களில் அந்தச் சாவிக்குக்கூட ஆள் இல்லை. ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள் என்ற அலமாரிதான். நூலகர் என்ற பெயரோடு கடலில் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடத்துக்கு வெளிநாட்டு நூலகங்களில் பல வருடம் பழகியவர்களே போட்டி போடுவார்கள். உள்ளூரில் ஒரு நாள்கூட வேலை பார்க்காத பெண்ணை நேரே அதில் எடுக்கிறார்கள் என்றால் நான் நம்பமாட்டேன்.

மகளுக்கு ஒரு விஷயம் பிடிக்கும். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1924-இல் படிக்க லண்டன் போனார். 1925-இல் கப்பலில் திரும்பும்போது, தன் மனதில் உருவாகிக்கொண்டிருந்த, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்பு முறைப்படி அந்தக் கப்பல் நூலகத்தையே மாற்றி அடுக்கிப் பார்த்தார். அவளுடைய பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் அந்த முறைக்கு ஒத்திகை நடந்தது நடுக்கடலில். ஆனால் அந்தக் கப்பலில் அவர் டிக்கெட் வாங்கிய பயணி. சம்பளமும் வேலையும் சென்னையில் இருந்தன.

புத்தகக் கப்பல் என்று லோகோஸ் ஹோப் பற்றியும் கேட்டாள். அது மிதக்கும் புத்தகக் கடை, ஊர் ஊராகப் போகிறது, நல்ல அனுபவம்தான். ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்துகிறது. அங்கே இருப்பவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. செலவுக்கு நாம்தான் ஆதரவாளர்களைத் தேட வேண்டும். வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா என்று நீங்களே பாருங்கள்.

ஒரு ஆறுதல், கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கான புத்தகத்தைச் சட்டம் மறக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் அமலுக்கு வந்தது, இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. ஊழியர்கள் ஓய்வெடுக்கும் இடத்தில் குறைந்தது ஒரு புத்தக அலமாரியாவது இருக்க வேண்டும், பயணத்துக்குப் போதுமான புத்தகங்களை வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று அதன் வழிகாட்டுதலில் இருக்கிறது. லண்டனில் 1756-இல் தொடங்கிய மரைன் சொசைட்டி என்ற கடலோடிகள் தொண்டு அமைப்பு கப்பல்களுக்கு நூலகப் பெட்டிகள் அனுப்பி வந்திருக்கிறது. இதுவும் கரை வேலைதான், கவனியுங்கள்.

இனி ஏஜென்ட். அவர் அனுப்பிய விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். அனுபவம் தேவையில்லை, மாதம் ஒன்றரை லட்சம், வாட்ஸ்அப்பில் நேர்முகம், கீழே இலவச மின்னஞ்சல் முகவரி. மேலே நான் சொன்ன அதே உடன்படிக்கை, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற கடலோடி அடையாளப் புத்தகம் இவற்றின் செலவு நம்முடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். இணையத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஆள் அந்த எண்ணைக் கேட்டதும் "அதெல்லாம் துபாய் ஆபீஸ் பார்த்துக்கும்" என்றாராம், மகள்தான் சொன்னாள். எனக்கு அது போதும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை வங்கியிலிருந்து எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.

கடல்மேல் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் கதவு மூடவில்லை. பொழுதுபோக்குக் குழு, விருந்தினர் சேவை, குழந்தைகள் பிரிவு, கரைச் சுற்றுலா மேஜை இவற்றுக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் கலகலப்பாகப் பேச வேண்டும், அது முதல் தகுதி. எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சி வேண்டும், அதாவது தண்ணீரில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி போன்றவை. ஒப்பந்தம் பெரும்பாலும் 6 முதல் 9 மாதம். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இன்னொருவரோடு தங்க வேண்டியிருக்கும். வார விடுமுறை என்று தனியாக எதிர்பார்க்க முடியாது. 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம், அவ்வளவுதான் சட்டம் கொடுக்கும் குறைந்தபட்சம். இதைக் கேட்டும் அவள் முகம் மலர்ந்தால் முயற்சி செய்யட்டும். பெண்பிள்ளை என்ற உங்கள் பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. உரிமம் உள்ள நிறுவனம் மூலம் பெரிய கப்பலுக்குப் போவது, தெரியாத ஊரில் தெரியாத வீட்டு வேலைக்குப் போவதைவிடப் பாதுகாப்பு என்பது என் கருத்து. மைக்கைப் பிடிக்கவே கூச்சம், புத்தக வாசனைதான் பிடிக்கும் என்றால் கப்பல் அவளுக்கான இடமே இல்லை.

அவள் அப்பா சொல்லும் டி.என்.பி.எஸ்.சி. நூலகத் தேர்வைக் கேலியாகப் பேசினாள். அது தப்பு. எப்போதாவதுதான் அறிவிப்பு வரும், வரும்போது தயாராக இருப்பவர்கள் குறைவு. யு.ஜி.சி. நெட்டில் நூலக அறிவியலை எழுதி வைத்தால் கல்லூரிப் பக்கமும் வழி திறக்கும். கடலை விடவே மனமில்லை என்றால் சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கேயும் நூலகம் உண்டு. கப்பல் நிர்வாக நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான கையேடுகள், சான்றிதழ்கள், வரைபடங்களைப் பகுத்து வைத்துக் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஆவணப் பிரிவு வேலைகளும் உண்டு. பெயர் வேறு, வேலை அவள் படித்த பகுப்பும் அட்டவணையும்தான். சுழல் படிக்கட்டு மட்டும் இருக்காது.

சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள், முடிந்தால் அப்பாவையும் கூட்டி வாருங்கள். அதற்குள் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஐந்து கப்பல் நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, நூலகர் என்று தேடினால் எத்தனை இடம் வருகிறது, பொழுதுபோக்குக் குழு என்று தேடினால் எத்தனை வருகிறது என்று ஒரு தாளில் அவளே எழுதி எடுத்து வரட்டும். நடுவில் ஏஜென்ட் கூப்பிட்டால் வேறெதுவும் பேச வேண்டாம். ஆர்.பி.எஸ்.எல். எண் என்ன என்று மட்டும் மறுபடி கேளுங்கள்.