வாழைப்பழமும் வாடகைப் படகும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நண்பர்களோடு ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்புக்குப் படகு பேசியிருக்கிறோம். “வாழைப்பழம் மட்டும் கொண்டு வராதீர்கள்” என்கிறார் கேப்டன். ஏன்?

பதில்: வாழைப்பழம் ஏறிய படகில் மீன் ஏறாது என்பது தூண்டில்காரர்களிடம் பரவலாக உள்ள நம்பிக்கை. காரணமாகப் பலவும் சொல்வார்கள். பழம் அழுகுவதற்குள் கரை சேர வேண்டும் என்று வாழைத்தார்க் கப்பல்கள் விரைந்து ஓடியதால் மாலுமிகளுக்குத் தூண்டில் போட வாய்க்கவில்லை. தாரோடு சிலந்திகள் ஏறிவந்தன. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருந்த காய்கனிகளைச் சீக்கிரம் பழுக்கவைத்துக் கெடுத்தது. எத்திலீன் சங்கதி உண்மைதான், ஆனால் கடலில் நீந்தும் மீனை அது ஒன்றும் செய்யாது. இருந்தாலும் பழத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படகு அவருடையது, உங்களுக்காக நாள் முழுதும் மீன் தேடப்போகிறவரும் அவர்தான். விசிலடித்தால் காற்று கிளம்பும் என்பதையும் அப்படியே மதித்து நடந்துகொள்ளலாம்.

கேள்வி: காலையில் வானம் சிவந்திருந்தால் கடலுக்குப் போகக் கூடாதாமே?

பதில்: இதில் விஷயம் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய மித வெப்பப் பகுதிகளில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக நகரும். கிழக்கே வானம் தெளிவாக இருக்கும்போது உதிக்கும் சூரியன், மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும் மேகங்களைச் சிவப்பாக்குகிறது. கிழக்குக் காற்று வீசும் வெப்பமண்டலத்தில் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

எந்தக் கடலானாலும் முன்னறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்பதையும் பார்க்க வேண்டும். 1 மீட்டர் அலை 10 விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு மெதுவாக ஏறி இறங்கும். அதே அலை 4 விநாடிக்கு ஒன்று என்றால் சிறு படகில் உட்கார முடியாது. அறிவிப்பில் வரும் உயரம், அலைகளில் பெரியவையான மூன்றிலொரு பங்கின் சராசரி. ஆகவே அதைப்போல் இரு மடங்கு அலையும் எப்போதாவது வரும்.

கேள்வி: எனக்குப் படகில் ஏறினாலே குமட்டும். என்ன செய்யலாம்?

பதில்: குமட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரை போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மெக்லிசின் என்றால் புறப்படுவதற்கு 1 மணி நேரம் முன்பு, டைமென்ஹைட்ரினேட் என்றால் 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைக்குக் குறைந்தது 4 மணி நேரம் தேவை. எல்லாமே தூக்கம் வரவழைப்பவை. மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எந்த மாத்திரையானாலும் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போட்டு, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படகின் முன்பகுதியான அணியப் பக்கம் போகாதீர்கள், ஆட்டம் அங்கேதான் அதிகம். நடுப்பகுதியில், எஞ்சின் புகை வராத இடமாகப் பார்த்து நின்று, தொடுவானத்தையே பாருங்கள். அறைக்குள் போய்ப் படுத்தாலும், குனிந்து கைபேசி பார்த்தாலும் குமட்டல் கூடும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது.

கேள்வி: முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முழுப் படகும் உங்களுக்கா, அல்லது தலைக்கு இவ்வளவு என்று மற்றவர்களோடு பகிர்வதா என்பதை முதலில் கேளுங்கள். 4 மணி நேரப் பயணம் என்றால் மீன் இருக்கும் இடத்துக்குப் போகவர எவ்வளவு பிடிக்கும்? போக 1 மணி, வர 1 மணி ஆனால் தூண்டில் போட 2 மணி நேரம்தான் மிஞ்சும். இரை, ஐஸ், மீன்பிடி உரிமம், மீனைச் சுத்தம் செய்யும் கூலி எல்லாம் கட்டணத்தில் அடங்குமா? பிடித்த மீன் யாருக்கு? சில படகுகளில் பெரிய மீன் படகுக்கே சொந்தம்; இதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். வானிலை காரணமாகக் கேப்டன் ரத்து செய்தால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா?

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, கரையோடு பேச விஎச்எஃப் ரேடியோ, கேப்டனுக்கு உரிமம், படகுக்குக் காப்பீடு: இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு படகு பாருங்கள்.

கேள்வி: மீன் கடித்ததும் வெட்டி இழுக்கிறேன், தப்பிவிடுகிறது. ராசி இல்லையா?

பதில்: காரணம் ராசி அல்ல, தூண்டில் முள். இன்று பல படகுகளில் முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்தான் கட்டுகிறார்கள். வெட்டி இழுத்தால் அது வாயிலிருந்து நழுவி வந்துவிடும். தங்கூசி (தூண்டில் இழை) இறுகும்வரை பொறுத்து, சீராக ரீலைச் சுற்றினால் போதும். முள் தானாகத் திரும்பி வாயோரத்தில் மாட்டும். ரீலின் பிரேக், தங்கூசி தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இருக்கட்டும்: 20 கிலோ தங்கூசிக்கு 5 முதல் 6.5 கிலோ. தங்கூசியை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரலையே அறுத்துவிடும்.

கேள்வி: சூரை மீன் கிடைத்தால் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

பதில்: பிடித்த உடனே ரத்தம் வடித்து, ஐஸோடு கொஞ்சம் கடல்நீர் கலந்த பெட்டியில் முழுதாக அமிழ்த்துங்கள். வெறும் ஐஸின் மேல் வைப்பதைவிட இதில் சீக்கிரம் குளிரும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, வயிறு கலங்கும். சமைத்தாலும் வறுத்தாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. வெயிலில் வெகுநேரம் கிடந்த மீனை வாசனை நன்றாக இருந்தாலும் சமைக்காதீர்கள்.