பேஸ்மென்டில் கஞ்சா காயப்போடுகிறார்கள், பிஆருக்கு ஆபத்தா?

தம்பி, ஒன்டாரியோவுக்குப் படிக்க வந்து பேஸ்மென்டில் அறை எடுத்திருக்கிறீர்கள். அடுத்த அறையில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில், வீட்டுக்காரர் கஞ்சாச் செடிகளை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். போலீஸ் வந்தால் நீங்களும் மாட்டுவீர்களா, பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் அளவோடு வளர்த்திருந்தால் பயமே வேண்டாம். 2018 அக்டோபர் 17 முதல் ஒன்டாரியோவில் வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரி. வீட்டுக்கு 4 செடி. ஆளுக்கு நாலு என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அவர் ஏற்கனவே நாலு வைத்திருந்தால், நீங்கள் ஒரு தொட்டி வைத்தால் ஐந்தாகிவிடும்.

நெடிதான் உங்கள் உண்மையான பிரச்சினை. வெளியே வளர்த்ததைக் குளிர் இறங்கும் முன் வெட்டிவிடுவார்கள். இருட்டான அறையில், 15 முதல் 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் ஒன்றிரண்டு வாரம் தொங்கும். அவசரப்பட்டுச் சூடுகாட்டினால் மேலே மொறுமொறுப்பாகும், உள்ளே ஈரம் நிற்கும். சின்னக் காம்பை வளைத்தால் 'டிக்' என்று முறியவேண்டும், அதுதான் பதம். அதுவரை நெடி அடித்துக்கொண்டே இருக்கும். ஃபர்னஸ் அந்த அறைக் காற்றையும் உறிஞ்சி வீடு முழுக்க ஊதினால் உங்கள் ஜாக்கெட்டிலும் ஏறிவிடும். நேர்முகத் தேர்வுக்குப் போடும் உடுப்பை ஜிப் வைத்த உறையில் பூட்டி வையுங்கள். நெடியை உறிஞ்சும் கார்பன் ஃபில்டர் ஒன்று வைக்கச் சொல்லி அவரிடம் தாராளமாகக் கேட்கலாம். இங்கே அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் பூவை மட்டும் வெட்டிக் கண்ணாடி ஜாடியில் முக்கால் வாசி போட்டு மூடுவார். அதை அவர் தினமும் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் வெளியேறத்தான் அது. சில வாரம் இப்படி வைத்தால்தான் வைக்கோல் வாடை போய்ப் புகை தொண்டையை அறுக்காது. அமோனியா நெடி வந்தால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். பூஞ்சை பிடித்திருந்தால் குப்பைதான். ஜாடிக்குள் போனபிறகு நீங்களும் மூச்சு விடலாம்.

பிஆரைக் கெடுப்பது வேறு. போதையில் கார் ஓட்டிப் பிடிபடுவது 2018 டிசம்பர் முதல் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். வீட்டில் வளர்த்ததை விற்கக் கூடாது, அவருக்காக நீங்கள் கைமாற்றவும் கூடாது. அன்பளிப்பாக ஒரு சின்ன ஜாடி தந்தாலும், 19 வயது ஆகவில்லை என்றால் வாங்காதீர்கள். வயதிருந்தாலும் வெளியே 30 கிராமுக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. அமெரிக்கா போகும் நாளில் பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள். எல்லை தாண்டி ஒரு துணுக்குக்கூட எடுத்துப்போகக் கூடாது, அந்தப் பக்கத்து மாநிலத்தில் அனுமதி இருந்தாலும்.