கிளட்ச் மேல் இரண்டு விரல்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சென்னை புதுப்பேட்டையில் நாற்பது வருடம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். யெஸ்டி, ராஜ்தூத் 350 என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். இப்போது என்னோடு மூன்று மாதம் தங்க பர்மிங்ஹாம் வந்திருக்கிறார். ஸ்டாஃபோர்டில் நடக்கும் பழைய பைக் கண்காட்சிக்கு அந்தக் கால இத்தாலிய பைக் ரேஸ் வீரர் ஜாகோமோ அகோஸ்தினி வருகிறார் என்று தெரிந்ததும் டிக்கெட் எடுத்துவிட்டேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய அவர் படத்தை அப்பா இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். இப்போது எனக்குத்தான் பயம். அப்பா கூச்ச சுபாவம், ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். 'காலில் விழுந்து கும்பிடுவேன்' என்கிறார். வரிசையில் நின்று அரை நிமிடத்தில் கையெழுத்து வாங்கித் திரும்பும்போது மனம் உடைந்துவிடுவாரோ? அவரை என்ன பேசச் சொல்வது?

— ஒரு மகள், பர்மிங்ஹாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூர் மார்க்கெட் எரிந்தே 40 வருடம் ஆகிவிட்டது. அங்கே வாங்கிய காகிதம் இன்னும் ஒருவர் பெட்டியில் இருக்கிறது என்று படித்ததும் எனக்கே ஒரு சந்தோஷம். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டியவர் உங்கள் அப்பா இல்லை. அவரிடம் பேச ஏராளமாக இருக்கிறது. அதிலிருந்து அரை நிமிடத்துக்குள் அடங்கும் ஒன்றை மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 'நீங்கள் மாபெரும் வீரர், உங்கள் ரசிகன்' என்ற வரியோடு போக வேண்டாம். 15 உலகப் பட்டம், 122 கிராண்ட் பிரி வெற்றி, ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி ரேஸில் 10 வெற்றி. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லாத ஆள் இல்லை. எத்தனை அன்போடு சொன்னாலும் அதற்கு அவர் தரக்கூடிய பதில் ஒரு புன்னகையும் ஒரு நன்றியும்தான். 'பின்னால் வந்த சாம்பியன் வாலென்டினோ ரோஸியையும் உங்களையும் ஒப்பிட்டால் யார் பெரியவர்?' என்ற கேள்வியும் வேண்டாம்.

பல வருடம் முன்பு சென்னையில் ஒரு பழைய வண்டி அணிவகுப்பில், அந்தக் காலத்தில் சோழவரத்தில் ஓட்டிய ஒருவரைச் சந்தித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதை அது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். அவர் ஜெயித்த ரேஸ்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் வரிசையாகச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். கண் மட்டும் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையனின் கையிலேயே இருந்தது. அவன் கையில் ஒரு ஸ்பார்க் பிளக். நான் நிறுத்தியதும் அவன் அதை நீட்டி, "இது ஏன் சார் இவ்வளவு வெள்ளையா எரியுது?" என்றான். அவர் பிளக்கை வாங்கினார். நகத்தால் முனையைச் சுரண்டினார். வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். பெட்ரோல் கம்மியாகவும் காற்று அதிகமாகவும் போகிறது, கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்று, இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியவர், தனக்கு அப்படிப் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியான வெயிலில் போய் முடித்தார். நான் தேடிப் போன மனிதர் அந்த இருபது நிமிடத்தில்தான் எனக்குக் கிடைத்தார். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் அந்தப் பையன்.

உங்கள் அப்பா அந்தப் பையனைப் போலப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் மெக்கானிக்காகப் போகட்டும். அகோஸ்தினியின் வாழ்க்கையில் உங்கள் அப்பாவுக்கு உள்ளங்கை மாதிரித் தெரிந்த ஒரு திருப்பம் இருக்கிறது. அவர் பெயர் வாங்கியது எம்.வி. அகுஸ்தா என்ற இத்தாலியக் கம்பெனியின் சிவப்பு வண்டிகளில். மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டனின் நான்கு அசைவுக்கு ஒரு முறை பெட்ரோல் எரியும் என்ஜின். 1966 முதல் 1972 வரை 500 சிசியில் தொடர்ந்து ஏழு பட்டம். அப்படிப்பட்டவர் 1974-இல் எம்.வி.யை விட்டு யமஹாவுக்குப் போனார். யமஹா முழுக்க டூ ஸ்ட்ரோக், இரண்டு அசைவுக்கே ஒரு முறை எரியும். போன கையோடு அமெரிக்காவில் டேடோனா 200 ரேஸை ஜெயித்தார். அந்த வருடமே இரட்டை சிலிண்டர் யமஹாவில் 350 சிசி பட்டம். 1975-இல் 500 சிசி பட்டம். அந்தப் பிரிவில் டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று உலகப் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

பத்து வருடத்துக்கும் மேலாக ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகிய கை, ஒரே குளிர்காலத்தில் டூ ஸ்ட்ரோக்குக்கு மாற வேண்டியிருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னால் உங்களுக்கு விளக்கத்தான் முடியும், உங்கள் அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு சொற்பம். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அந்த ரேஸ் வண்டிகளில் பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர். கலவை கொஞ்சம் மெலிந்தாலும் பிஸ்டன் சூடேறி உப்பி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்சை இழுத்தவன் பிழைப்பான். அதனால்தான் டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கு இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும். ராஜ்தூத் 350-ஐ ரிப்பேர் பார்த்துவிட்டு டிரையல் ஓட்டும்போது அப்பாவின் இடது கை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்.டி. 350-இன் இந்தியப் பதிப்பு. இதுவும் இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அகோஸ்தினியின் ரேஸ் வண்டி தண்ணீரில் குளிரும், புதுப்பேட்டைக்கு வந்தது காற்றில் குளிரும். சக்தியிலும் விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் ஒரே வம்சம். மூர் மார்க்கெட் காகிதத்தில் இருப்பவரும் உங்கள் அப்பாவும் ஒரே பயத்தோடு ஒரே மாதிரி விரலை வைத்திருந்தவர்கள்.

ஆக, கேள்வி இதுதான்: 1974-இல் யமஹாவுக்கு மாறியபோது இந்த இரண்டு விரல் பழக்கம் வர எத்தனை நாள் பிடித்தது? இதற்கு ஆங்கிலமே தேவையில்லை. "யமஹா, 1974" என்று சொல்லிவிட்டு, அப்பா இடது கையை நீட்டி, இல்லாத கிளட்ச் லீவர் மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டட்டும். மீதியை நீங்கள் ஒரே வரியில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: 'அப்பா நாற்பது வருடம் டூ ஸ்ட்ரோக் மெக்கானிக், இதைத்தான் கேட்கிறார்.' அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டாம். அரை அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். மகளோ மகனோ முன்னால் நின்று பேசத் தொடங்கினால் பெரியவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். இதை நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். படம் எடுக்க வேண்டுமானால் பின்னால் நிற்பவரிடம் போனைக் கொடுத்து ஒன்றோ இரண்டோ எடுக்கச் சொல்லுங்கள். முழுவதையும் வீடியோ எடுத்தால், அப்பா முகம் எப்படி மாறியது என்பதை நீங்கள் நேரில் பார்க்காமலே போய்விடுவீர்கள்.

காலில் விழுவது பற்றி. அகோஸ்தினி 1942-இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர். ஒருவர் திடீரென்று காலடியில் குனிந்தால் பதறிப்போய்த் தூக்கத்தான் குனிவார், அந்த வயதில் இடுப்பு கேட்குமா? இரண்டு பேருக்கும் சங்கடம். இரண்டு கையையும் கூப்பி ஒரு வணக்கம் வைத்தால் அந்த மரியாதை எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அப்புறம் அவர் கை கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம். இதை அப்பாவிடம் தடையாகச் சொல்லாமல், அகோஸ்தினியின் இடுப்பைக் காரணம் காட்டிச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். அப்படியும் அந்த நிமிடத்தில் அப்பா குனிந்துவிட்டால் வெட்கப்படாதீர்கள், இழுக்காதீர்கள். அத்தனை வருட ஆசைக்கு உடம்பு தானாகக் குனிந்தால் அதில் தப்பு என்ன?

படத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். பழைய பத்திரிகைத் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும், மடித்து வைத்த இடத்தில் கிழியும். ஒரு கெட்டி அட்டையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள். கையெழுத்துப் போடும்போது மட்டும் உறையை விலக்கினால் போதும். தடித்த மார்க்கர் வேண்டாம், மை ஊறிப் பரவிவிடும். மெல்லிய முனைப் பேனாவை நீங்களே கொண்டுபோய், வீட்டிலேயே வேறொரு பழைய தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு இடமாக ஓரத்து வெள்ளையைக் காட்டுங்கள், முகத்தின் மேல் வேண்டாம். இப்படிப்பட்ட கண்காட்சிகளில் கையெழுத்துக்கென்று தனி நேரம் குறித்திருப்பார்கள், சில இடங்களில் கட்டணமும் உண்டு. நுழைந்ததும் முதலில் அதை விசாரியுங்கள். மேடையில் பேட்டி இருந்தால் அதை முதலில் கேட்பது நல்லது. அவர் பேசும் வேகமும் சிரிக்கும் விதமும் பழகிவிட்டால் அப்பாவுக்குப் பாதிக் கூச்சம் போய்விடும்.

வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு கதை தருகிறேன், அப்பாவுக்குச் சொல்லுங்கள். அகோஸ்தினி வளர்ந்தது வட இத்தாலியில், இசெயோ ஏரிக்கரையில் உள்ள லோவேரே என்ற சிற்றூரில். மகன் ரேஸ் ஓட்டுவதில் அவருடைய அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. வயது குறைவு என்பதால் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பா, தெரிந்த நோட்டரி ஒருவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். நோட்டரியோ சைக்கிள் பந்தயம் என்று நினைத்துக்கொண்டு, பையனுக்கு நல்ல உடற்பயிற்சி, போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். 1961-இல் முதல் ரேஸ், திரெந்தோ அருகே ஒரு மலைப்பாதையில் மொரீனி 175 வண்டியில். இரண்டாவதாக வந்தார்.

தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. 1972-இல் ஐல் ஆஃப் மேனில் மழையில் நடந்த 125 சிசி ரேஸில் அவருடைய நண்பர் ஜில்பெர்த்தோ பார்லோத்தி இறந்தார். அன்று நடந்த சீனியர் டிடியை, அதாவது 500 சிசி ரேஸை, அகோஸ்தினி ஜெயித்தார், ஆனால் அதன்பின் அந்தத் தீவில் ரேஸ் ஓட்ட அவர் போகவே இல்லை. மற்றவர்களும் விலக, 1976-க்குப் பிறகு அந்த டிடிக்கு உலகப் பட்டப் போட்டி என்ற தகுதியே போய்விட்டது. பத்து முறை ஜெயித்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 15 பட்டங்களைவிட இதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் கையெழுத்து மேஜையில் அதைக் கிளறக் கூடாது. அவருடைய பெரிய போட்டியாளர் மைக் ஹெயில்வுட்டைப் பற்றிக் கேட்கலாம். 1967-இல் 500 சிசி பிரிவில் இருவரும் ஆளுக்கு ஐந்து ரேஸ் ஜெயித்து, புள்ளியும் சமமாகி, இரண்டாம் இடங்களை எண்ணித்தான் அகோஸ்தினிக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்த வருட சீனியர் டிடியில் செயின் அறுந்து அகோஸ்தினி நின்றுபோக, ஹெயில்வுட் ஜெயித்தார். ஆனால் இதை எல்லோரும் கேட்பார்கள். நம் கேள்வி இரண்டு விரல்.

சரி, அவர் களைப்பாக இருந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால்? அப்படியும் நடக்கலாம். அதனால் நாள் முழுவதையும் அந்த அரை நிமிடத்தில் கட்டிவைக்காதீர்கள். காலையில் மேஜை வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் முழுக்க அப்பாவை வண்டிகளிடம் விட்டுவிடுங்கள். கிளப் ஸ்டால்களில் வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். பழைய உதிரிபாகச் சந்தையில் அப்பா ஒரு கார்பரேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கட்டும், விற்பவரே பேச்சுக் கொடுப்பார். காட்சிக்கு வைத்த வண்டியை மட்டும் சொந்தக்காரரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ரேஸ் வண்டிகளைக் கிளப்பிக் காட்டும் நேரம் எது என்று விசாரித்து, பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். சைலன்சர் பக்கமிருந்து காற்று வீசும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பழைய ரேஸ் என்ஜின்களில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் வீட்டு விளக்கெண்ணெய் சூட்டில் எரிகிற அந்த வாசனைக்கு அப்பா முகம் திரும்புவதைப் பாருங்கள். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள், மூன்று சிலிண்டர் எம்.வி. பக்கத்தில் அது உங்களுக்குத் தேவைப்படும். அப்பாவுக்கும் கொடுங்கள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.