பின்பலகை மின்மோட்டார்: 55 பவுண்டா, 80 பவுண்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். 4.2 மீட்டர் அலுமினியப் படகு, 15 குதிரைசக்தி பெட்ரோல் மோட்டார் வைத்திருக்கிறேன். மூன்று பேராக இனாண்டா, ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைகளில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறோம். கரையோரம் சத்தமில்லாமல் நகர, படகின் பின்பலகையில் மாட்டும் மின்மோட்டார் வாங்க வேண்டும். 55 பவுண்டு தள்ளுவிசை போதுமா, 80 வாங்கலாமா? அண்ணனின் மோட்டார் கார் பேட்டரியில் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அதனால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: 55 வாங்குங்கள். 80க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல பேட்டரியிலும் தடித்த கேபிளிலும் போடுங்கள். மின்மோட்டார் பற்றி வரும் புகார்களில் பல உண்மையில் பேட்டரியையும் வயரையும் பற்றியவைதான்.

முதலில் எடை. படகு 110 கிலோ, ஆட்கள் 240, பெட்ரோல் மோட்டார் 45, பேட்டரி 27, எரிபொருளும் சாமான்களும் 48 என்று வைத்தால் மொத்தம் 470 கிலோ. ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு தள்ளுவிசை வேண்டும் என்பது பழகிய கணக்கு. அதன்படி 21 பவுண்டே போதும். ஆனால் அது காற்றில்லாத நீருக்கு. அணையில் காற்று எழுந்தால் இரண்டு மடங்கு வேண்டும். 55 அதற்கும் மேலே நிற்கிறது. 80 பவுண்டு மோட்டாருக்கு 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி வேண்டும். ஈய பேட்டரி என்றால் இன்னொரு 27 கிலோ ஏறும். இத்தனைக்கும் படகு வேகமாகப் போகாது. தள்ளுவிசை வேறு, வேகம் வேறு. இந்த விசிறிகள் மணிக்கு 7, 8 கிலோமீட்டருக்கு மேல் படகைத் தள்ளும்படி அமைக்கப்பட்டவை அல்ல. கூடுதல் பவுண்டு காற்றையும் எடையையும் சமாளிக்கத்தான் உதவும்.

மோட்டாரின் தலைப்பகுதியிலிருந்து விசிறிவரை இறங்கும் கம்பியின் நீளத்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆட்களும் சாமானும் ஏறிய நிலையில் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளந்து கொண்டு போங்கள். 25 செ.மீ. வரை 30 அங்குலக் கம்பி, 25 முதல் 40 வரை 36 அங்குலம், அதற்கு மேல் 42. விசிறியின் மேல்நுனி குறைந்தது 15 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை உறிஞ்சிக் குமிழி விடும், சத்தத்தில் மீன் ஓடிவிடும்.

இனி பேட்டரி. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். கார் பேட்டரி சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்யப்பட்டது, தகடுகள் மெல்லியவை. ஆழமாக இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் வீணாகும். அண்ணனின் மோட்டாருக்கு நேர்ந்தது இதுதான். ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகையே வேண்டும். அதிலும் 105 ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. அது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் கொள்ளளவு சுருங்கும். பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் முழு வேகத்தில் 40 நிமிடமும், 12 ஆம்பியர் இழுக்கும் மெதுவான வேகத்தில் மூன்றரை மணி நேரமும் கிடைக்கும் என்று எதிர்பாருங்கள். மோட்டாரை நிறுத்திச் சற்று நேரம் விட்டு அளக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று பொருள். வீடு திரும்பிய அன்றே சார்ஜில் போடுங்கள். இறங்கிய நிலையில் ஒரு வாரம் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். லோட்ஷெடிங் நாட்களில் கரண்ட் திரும்பியதும் தானாகத் தொடங்கும் சார்ஜரா என்று பார்த்து வாங்குங்கள். பலவற்றில் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். காலையில்தான் ஏமாற்றம் தெரியும்.

கையில் பணம் இருந்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்குங்கள். எடை 12 கிலோதான், 80 சதவீதம்வரை தயங்காமல் பயன்படுத்தலாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றுப் பலகை தொடர்ந்து 100 ஆம்பியர் தாங்க வேண்டும். 50 ஆம்பியர் பலகை முழு வேகத்தில் திடீரென்று அணைத்துவிடும். அதன் வோல்ட் கடைசிவரை 13ஐ ஒட்டியே நிற்பதால் வோல்ட் மீட்டர் எதையும் சொல்லாது. ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் தனியாக வைக்க வேண்டும்.

பின்பக்கமே எடை குவிந்தால் முன்பகுதி தூக்கி, காற்று அதைப் பிடித்துத் திருப்பும். பின்னாலிருந்து தள்ளும் மோட்டாருக்கு இதுதான் பெரிய தொல்லை. ஆகவே பேட்டரியை முன்னால் வையுங்கள். வைத்தால் கேபிள் நீளும்: 4 மீட்டர் போக, 4 மீட்டர் வர. 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 50 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.4தான். கவ்வும் கிளிப்பைத் தூக்கி எறியுங்கள். கேபிள் முனையில் லக் என்னும் துளையுள்ள உலோக முனையை வைத்து நெரித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போர்த்தி, நட்டு போட்டு இறுக்குங்கள். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே, மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் 60 ஆம்பியர் பிரேக்கர் இருக்கட்டும். பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிய பின் மோட்டாரை நிறுத்தி ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடத்தில் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

மாட்டும்போது பலகைக்கும் கவ்விக்கும் இடையே மரத்துண்டு கொடுத்து, திருகை இறுக்கி, மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு கயிறும் கட்டுங்கள். அதிர்வில் திருகு தளரும். பெட்ரோல் மோட்டார் திரும்பும்போது இடிக்காத தூரம் விடுங்கள். பெட்ரோலில் ஓடும்போது மின்மோட்டார் நீரில் இருக்கவே கூடாது, பிடி முறிந்துவிடும். காற்றில் நேராகப் போக வேண்டுமானால் தலைப்பகுதித் திருகைத் தளர்த்தி 180 பாகை திருப்பி, படகைப் பின்புறமாக இழுக்கலாம். ரிவர்ஸ் கியரைவிட இது வலுவாக இழுக்கும். ஆனால் பின்பலகை தாழ்ந்தது. அலை எழுந்தால் உள்ளே தண்ணீர் கொட்டும். உள்நாட்டிலிருந்து வரும் சூடான பெர்க் காற்று ஓய்ந்ததும் தென்மேற்கிலிருந்து சட்டென்று காற்று மாறும் நாட்களில் இந்த வித்தை வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை விசிறியைக் கழற்றுங்கள். இதைத் தவிர்ப்பதால்தான் நல்ல மோட்டார்கள் சாகின்றன. பேட்டரியைத் துண்டியுங்கள். ஓர் இதழைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகி எடுங்கள். வராவிட்டால் விசிறியின் பின்புறம் மரச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே தண்டில் தூண்டில் நைலான் நூல் சுற்றியிருக்கும். அது சூடாகி ரப்பர் சீலை அறுத்து மோட்டாருக்குள் தண்ணீரை விடும். ஆகாயத்தாமரை வேரும் சுற்றியிருக்கும். தண்டின் குறுக்கே நிற்கும் சிறு உலோக ஊசி (pin) வளைந்திருந்தால், மூழ்கிய மரத்தில் மோதியிருக்கிறீர்கள். புதியது போடுங்கள், இரண்டு உபரியும் வைத்திருங்கள். திரும்ப மாட்டும்போது கையால் இறுகிய பின் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். டர்பன் துறைமுக உப்புநீருக்கு இதைக் கொண்டு போகாதீர்கள். அதற்கென்று பூச்சும், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோடு என்ற உலோகத் துண்டும் உள்ள தனி வகை உண்டு.

கடைசியாக, ஐந்து வேக மோட்டாரில் 1 முதல் 4 வரை செத்து 5 மட்டும் ஓடினால் மோட்டார் எரியவில்லை. குறைந்த வேகத்துக்கான மின்தடைச் சுருள் எரிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாம். புதிதாக வாங்குவதென்றால் மின்சாரத்தைத் துடிப்புகளாக வெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் டிஜிட்டல் வகையை எடுங்கள். மெதுவாகப் போகும்போது சுருளில் சூடாக வீணாகும் மின்சாரம் அதில் மிச்சமாகும். அணையில் நீங்கள் மெதுவாகத்தான் போகப் போகிறீர்கள்.